நான்காவது விளக்கு

பிப்ரவரி 11, 2025. செவ்வாய்.

இன்றைய தவறு: மூன்றாவது விளக்கை முழு சார்ஜ் ஏற்றாமலே சோதித்துவிட்டேன். போதாக்குறைக்கு, அதை ஹேண்டில்பாரில் வைக்காமல் ஹெல்மெட்டில் மாட்டினேன். விளக்கும் புதிது, இடமும் புதிது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் என்ன ஆயிற்று என்று சொல்ல முடியாது. இட்லித் தட்டில் விழுந்தேன். இடது முழங்கையில் சிராய்ப்பு. சோதனை செல்லாது.

நாளைய வேலை: தோத்தாத்ரி சார் கடைக்குப் போவது.

எழுதியதை ஸ்டெபின் ஒருமுறை படித்துப் பார்த்தான். 'சோதனை செல்லாது' என்ற இடம் வந்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. செல்லாது என்றால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றுதானே அர்த்தம்?

இப்படி எழுதுவது தாம்பரத்தில் அவன் போகும் மாலை வகுப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கம். தரக் கட்டுப்பாடு டிப்ளமோ. பாடம் நடத்தும் யூனிஸ் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டாள்: தினமும் டைரி எழுதுங்கள், முதல் வரியில் அன்றைய தவறு, கடைசி வரியில் மறுநாள் வேலை, நடுவில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும். வகுப்பில் மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். ஸ்டெபினால் விட முடியவில்லை. தான் செய்த எதையும் இன்னொரு தடவை சரிபார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். பகலில் பள்ளிக்கரணையில் ஒரு கம்பெனியில் பார்க்கிற வேலையும் அதே ஜாதிதான். அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று அளந்து பார்ப்பது.

பகல் கம்பெனிக்கு, மாலை வகுப்புக்கு. மலைச் சைக்கிளுக்கு மிச்சம் இருந்தது இருட்டு மட்டும்தான்.

முடிச்சூரைத் தாண்டி, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றைச் சுற்றி ஒரு பாதை போகிறது. சரளை, பாறை, சீமைக் கருவேலம். பாறையில் குழி குழியாக இருக்கும் இடத்துக்கு இட்லித் தட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு வருஷமாக அங்கே வாரம் இரண்டு முறை ஓட்டுகிறான். உடம்பில் எந்த இடத்திலும் தன்மேல் சந்தேகம் இல்லாமல் அவன் இருப்பது அந்தப் பாதையில் மட்டும்தான். அல்லது, போன மழைக்காலம் வரை அப்படித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வெளிச்சம் போதவில்லை. முதல் விளக்கு போதவில்லை என்று இரண்டாவது வாங்கினான். இரண்டாவதும் போதவில்லை. மூன்றாவது அதைவிட இரண்டு மடங்கு என்று டப்பாவில் போட்டிருந்தது. அதோடுதான் இன்று விழுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நிஷா அக்கா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். இரவுச் சவாரிக் குழுவை நடத்துகிறவள் அவள்தான். "ஸ்டெபின், வர்ற சனிக்கிழமை ஏழு பேர் புதுசா வர்றாங்க. எல்லாருக்கும் இதுதான் முதல் நைட் ரைடு. நீ முன்னாடி போ. எதையும் ரெண்டு தடவை பாத்துட்டுப் போற ஆளு நீதான். ஓகேவா?"

ஓகே என்று பதில் போட்டுவிட்டான். யோசித்தது அதற்குப் பிறகுதான்.

இருட்டில் வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவன்தான் மற்றவர்களுக்குக் கண். அவன் 'கல்' என்று கத்தினால் அடுத்தவன் 'கல்' என்று கத்துவான், அதற்கடுத்தவனும் கத்துவான். குரல் கடைசி ஆள் வரைக்கும் போகும். ஏன், எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்ட நொடியில் ஒதுங்குவார்கள். குரல் வராவிட்டால் பாதை சுத்தம் என்று நம்பி மிதிப்பார்கள். சனிக்கிழமை அப்படி ஏழு பேர் அவன் பின்னால் மிதிப்பார்கள்.

குறை விளக்கில்தான் என்றால் இன்னொரு விளக்கு போதும். விளக்கில் இல்லையென்றால் காலேப் மாமாதான் நினைவுக்கு வந்தார்.

காலேப் மாமா அம்மாவின் தம்பி. இவர்கள் வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். அவருக்கு முதலில் இரவில் கண் தெரியாமல் போயிற்று. பிறகு பக்கவாட்டில். நாற்பது வயதுக்குள் எல்லாம் போய்விட்டது. அந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு. வீட்டில் யாரும் அதை வாயால் சொன்னதில்லை.

மறுநாள் வகுப்பு இல்லாத நாள். வேலை முடிந்து வரும் வழியில், ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இருக்கும் தோத்தாத்ரியின் சைக்கிள் கடையில் இறங்கினான். தோத்தாத்ரி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"வா தம்பி. மூணாவதும் சரியில்லையா? எனக்கு வியாபாரம் ஆகுது, சந்தோஷம்தான். ஆனா உன்னைப் பாத்தா பயமா இருக்கு."

"வெளிச்சம் இருக்கு சார். அகலம்தான் இல்ல. நடுவுல ஒரு வட்டம் மட்டும் தெரியுது. அதைச் சுத்தி ஒண்ணுமே இல்ல. குழாய்க்குள்ள பாக்குற மாதிரி இருக்கு."

"குழாயா? அது நல்லாப் பரந்து அடிக்கிற லைட்டாச்சேப்பா. வேற யாரும் அப்படிச் சொல்லலையே."

"நேத்து ஹெல்மெட்ல மாட்டிட்டுப் போய் இட்லித் தட்டுல விழுந்துட்டேன் சார். என்னோடதுல லென்ஸ் மாறியிருக்குமோ?"

"ஒரே டப்பாவுல பத்து வந்தது. ஒம்பது பேர் சும்மா இருக்கான்." அவர் விளக்கை வாங்கிப் போட்டார், உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார், அணைத்தார். "இத பாரு. ஹேண்டில்பார்ல வெச்சா கல்லுக்கு நிழல் விழும், அதனால உயரம் தெரியும். தலையில வெச்சா நீ திரும்புற பக்கம் வெளிச்சம் வரும், ஆனா நிழல் விழாது, மேடு பள்ளம் எல்லாம் தட்டையாத் தெரியும். நீ தலையில மட்டும் மாட்டிக்கிட்டுப் போய் குழியில விழுந்துட்டு லைட்டைத் திட்டுற."

ஸ்டெபினுக்கு அந்த விளக்கம் தேன் மாதிரி இருந்தது. "அப்போ தப்பு மாட்டின இடத்துலதானா சார்?"

"இருக்கலாம். அப்புறம், உன்னுது சுத்த வெள்ளை. குவாரித் தூசியில வெள்ளை அடிச்சா தூசிதான் தெரியும், பாதை தெரியாது." மேல்தட்டிலிருந்து கறுப்பாக, உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்தார். "இது கொஞ்சம் மஞ்சள் கலந்தது. ரெண்டு லென்ஸ். ஒண்ணு தூரத்துக்கு, ஒண்ணு அகலத்துக்கு. என் கடையில இதுக்கு மேல கிடையாது. இதுக்கு மேல வேணும்னா கல்யாண மண்டபத்து வாசல்லதான் போய்க் கேக்கணும்."

"எடுத்துக்கறேன் சார்."

"இது காட்டறதுக்கு வெச்சிருக்கிற பீஸு. காசு வேணாம். ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லு." கொடுத்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. "தம்பி, தப்பா நெனச்சுக்காத. கண்ணு கிண்ணு பாத்தியா?"

"கம்பெனியில வருஷா வருஷம் பாக்குறாங்க சார். கடைசி வரி வரைக்கும் படிச்சேன்."

அது உண்மை. சின்ன எழுத்தைக்கூடத் தட்டாமல் படித்திருந்தான். நல்ல வெளிச்சத்தில், நேரே எதிரே மாட்டியிருந்த அட்டையில்.

வீட்டுக்குப் போனபோது அம்மா படிக்கட்டில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றாள். அவளை, ரத்தினபாய் டீச்சர் என்றால், சேலையூர் வரைக்கும் தெரியும். வகுப்பில் பிள்ளைகள் வாயைத் திறக்கமாட்டார்கள். அவள் பழைய பல்பைக் கழற்றிவிட்டுத் தேங்காய் அளவுக்கு ஒரு புது பல்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா? நல்லாத்தானே எரிஞ்சுது?"

"பேப்பர் திருத்தணும். கண்ணு வலிக்குது."

"படிக்கட்டுல உக்காந்தா திருத்துவீங்க?"

அம்மா பல்பை இன்னொரு திருகு திருகினாள். உள்ளேயிருந்து காலேப் மாமா குரல் கொடுத்தார். "மாப்ள, போன வாரம் பாத்ரூம், அதுக்கு முந்தின வாரம் சைக்கிள் நிறுத்துற இடம். உங்கம்மா ஏர்போர்ட் கட்டிட்டு இருக்கா. பிளேன் எப்ப வரும்னு எனக்கு மட்டும் சொல்லமாட்டேங்குறா."

"நீ வாயை மூடு காலேப்," என்றாள் அம்மா.

சாப்பிடும்போது ஸ்டெபினின் இடது கை பட்டுத் தண்ணீர் டம்ளர் உருண்டது. அது அங்கே இருந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. அம்மா துணியெடுத்துத் துடைத்தாள். திட்டவில்லை. டம்ளரை மறுபடி நிரப்பி, மேஜையின் ஓரத்தில் வைக்காமல் அவன் தட்டுக்கு நேர் எதிரே வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். பார்க்காததுபோல் குழம்பை ஊற்றிக்கொண்டான்.

வியாழக்கிழமை வகுப்புக்கு வரமுடியாது என்று யூனிஸ் மேடத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு, இருட்டுகிற நேரத்தில் குவாரிக்குப் போனான். பிரேம் முன்பே வந்து பாறைமேல் உட்கார்ந்திருந்தான். பிரேம் கானாத்தூர்க்காரன். அவன் அம்மா குப்பம்மா மேடவாக்கத்தில் மீன் விற்கிறாள். பிரேமுக்கு ஸ்டெபினின் கம்பெனியிலேயே ஸ்டோரில் வேலை. ரப்பர் செருப்போடு மலைச் சைக்கிள் ஓட்டும் ஆள் குழுவில் அவன் ஒருவன்தான். அதற்காக நிஷா அக்காவிடம் வாரம் தவறாமல் வாங்கிக்கட்டிக்கொள்வான். ஸ்டெபின் ஆகாது என்று ஒதுக்கிய முதல் விளக்கு இப்போது பிரேமின் ஹேண்டில்பாரில் இருந்தது.

ஸ்டெபின் புதியதைப் போட்டதும் பிரேம் முகத்தை மூடிக்கொண்டான். "டேய் டேய், தாம்பரம் ஸ்டேஷன்ல இன்ஜின் ஏதாவது லைட் இல்லாம நிக்குதா பாரு. கயட்டிக்கினு வந்துட்டியா?"

"விளையாடாத. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் மாத்தியிருக்கேன். விளக்கு மட்டும். ஃபுல் சார்ஜ். ஹேண்டில்பார். நான் முன்னாடி போறேன், நீ பின்னாடி வா. சனிக்கிழமை மாதிரியே."

"சரி வாத்தியாரே."

முதல் இறக்கம் நன்றாகத்தான் போயிற்று. நடுவில் விழுந்த வெளிச்சம் வெண்ணெய் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. சரளைக் கற்களின் நிழல்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தோத்தாத்ரி சார் சொன்னது சரி, மாட்டின இடம்தான் தப்பு என்று நினைத்தான். மிதியைக் கொஞ்சம் அழுத்தினான். மூன்று மாதத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

"கல்லு!"

குரல் பின்னாலிருந்து வந்தது.

அவனுக்குப் புரியவில்லை. கத்த வேண்டியவன் அவன். பின்னாலிருந்து ஏன் குரல் வருகிறது?

"கல்லு மச்சான், லெஃப்ட்ல!"

இடது பெடல் எதிலோ மோதி சைக்கிள் ஒரு பக்கமாகத் துள்ளியது. எப்படியோ காலை ஊன்றி நின்றான். திரும்பி விளக்கை அடித்தபோது முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. நேற்று முளைத்த கல் இல்லை.

"லைட்டை ரொம்ப மேல தூக்கி வெச்சுட்டேன்," என்றான்.

கீழே இறக்கி மாட்டினான். மேட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி இறங்கினார்கள். இந்தத் தடவை இட்லித் தட்டுக்கு முன்னால், "பள்ளம், ரைட்ல பள்ளம்" என்று பிரேம் கத்தினான். ஸ்டெபின் பார்த்த இடத்தில் இருட்டைத் தவிர எதுவும் இல்லை. குரலை நம்பி ஒதுங்கினான். பின்சக்கரம் மட்டும் குழியில் இறங்கி ஏறியது.

"உனக்குப் பாதை மனப்பாடம். அதனால சொல்லிட்ட."

"உனக்கு மட்டும் இன்னா? என்னைவிட நீதான் ஜாஸ்தி வந்துகினு கீற."

ஸ்டெபின் பிரேமின் காலைப் பார்த்தான். ஒரு வழி தோன்றியது. "செருப்பைக் கழட்டு."

"இன்னாத்துக்கு?"

"ஒண்ணு குடு. நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

பாதையில் எங்கோ செருப்பைப் போட்டுவிட்டு வந்தான். பிரேம் ஒற்றைச் செருப்போடு, ஒதுக்கிய பழைய விளக்கோடு போனான். ஐம்பதடி போவதற்குள், "இதோ கீது, புதர் ஓரத்துல" என்று குரல் வந்தது. பிரேக் சத்தம்கூட இல்லை.

"இப்ப நீ போடு. நான் போறேன்."

ஸ்டெபின் மெதுவாக, நடக்கிற வேகத்தில் போனான். வெளிச்சத்தின் நடுவில் இருந்த ஒவ்வொரு கல்லையும் பார்த்தான். மேட்டின் கடைசி வரை போய்விட்டான். பிரேம் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"டேய், என் செருப்பு மேலயே ஏத்திட்டுப் போறியேடா! வார் பிஞ்சுபோச்சு பாரு!"

ஸ்டெபின் சிரிக்கவில்லை. "விளக்கை மாத்திக்கலாம். நீ இதைப் போட்டு ஓட்டு."

பிரேம் நான்காவது விளக்கோடு ஒரு சுற்றுப் போய் வந்தான். இறங்கும்போதே அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "பகல் மாதிரி கீது மச்சான்," என்றான் தணிந்த குரலில். "ரெண்டு பக்கமும் முள்ளு, தண்ணி, அந்தாண்ட உடைஞ்ச டிப்பர் லாரி, எல்லாம் தெரியுது."

"டிப்பர் லாரியா? எங்க?"

பிரேம் கையை நீட்டிக் காட்டினான். ஸ்டெபின் பார்த்தான். கை தெரிந்தது.

"இன்னொரு தடவை," என்றான் ஸ்டெபின்.

"வேணாம்டா."

"செருப்பு கறுப்பு, அதான் தெரியல. வாட்டர் பாட்டில் வை. வெள்ளை."

பாட்டில் வைத்தார்கள். அதையும் தாண்டிப் போனான். "என் துண்டை வை" என்றான். "பாதையில தூசி, அடங்கட்டும்" என்றான். "சாயங்காலத்துலேருந்து தண்ணி குடிக்கல, அதான்" என்றான். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒருமுறை ஓட்டினான். கடைசியாக வேகமாகப் போனால் சரியாகிவிடும் என்று தோன்றியது. வேகமாகப் போனான். வளைவு திரும்பியது, அவன் திரும்பவில்லை. கருவேல முள்ளுக்குள் சைக்கிளோடு போய் விழுந்தான்.

பிரேம் ஓடிவந்து முதலில் அவனை இழுத்தான், பிறகு சைக்கிளை. சைக்கிளைத் திருப்பித் தரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"லைட்டுல ஒண்ணும் இல்ல மச்சான்."

"உனக்கென்னடா தெரியும்?"

"உங்க மாமாவுக்கு இப்படித்தான்..."

"வாயை மூடு!"

குவாரிச் சுவரில் குரல் பட்டுத் திரும்பி வந்தது. ஸ்டெபின் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையில் இருந்த முள்ளை எடுக்கப் பார்த்தான். முள் பாதியில் முறிந்தது. தனக்குள்ளேயே முணுமுணுத்தான்: சோதனை செல்லாது, கீழே விழுந்ததால் விளக்கின் கோணம் மாறியிருக்கும், செல்லாது. அதை நம்புவதற்கு அங்கே யாரும் இல்லை, அவனையும் சேர்த்து.

திரும்பும்போது பிரேம் முன்னால் போனான். "கல்லு" என்றான். "பள்ளம்" என்றான். "மணல், மெதுவா வா." தார் ரோட்டுக்கு வந்து, தெருவிளக்குகள் எரிகிற இடத்துக்கு வந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. "ஸ்பீடு பிரேக்கர். மாடு. ஷேர் ஆட்டோ, நம்பாத. ஆன்ட்டி ஒண்ணு, போன் பேசிக்கினே கிராஸ் பண்ணுது." பீர்க்கன்காரணையில் ஆரம்பித்து ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு செருப்போடு.

வெள்ளிக்கிழமையும் வகுப்பு கிடையாது. வேலையிலிருந்து வந்ததும் ஸ்டெபின் வீட்டுக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் போனான். அம்மா புதிதாகப் போட்டிருந்த பல்பை அணைத்தான். ஸ்டூல்மேல் விளக்கை வைத்துக் கட்டி, எதிரே இருந்த பக்கத்து வீட்டு மதில் சுவரில் அடித்தான். பாதை இல்லை, வேகம் இல்லை, தூசி இல்லை. சுவரும் விளக்கும் மட்டும்தான். இதைவிடச் சுத்தமான சோதனை கிடையாது. அம்மாவின் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்துவந்து, வெளிச்சம் எதுவரை விழுகிறதோ அதன் ஓரத்தில் கவனமாகக் கோடு போட்டான். வட்டம் முடிந்தது. பெரிய தாம்பாளம் அளவு இருந்தது.

"லென்ஸ்தான்," என்று வாய்விட்டுச் சொன்னான். "இதுலயும் லென்ஸ்தான்."

"என்னடா பண்ற இருட்டுல?"

அம்மா வாசற்படியில் நின்றாள். கையில் காப்பி.

"லைட் எதுவரைக்கும் விழுதுன்னு குறிச்சேன்மா. பாருங்க, எவ்வளவு சின்னது. இத்தனை காசுக்கு விக்கிறான்."

அம்மா சாக்பீஸ் வட்டத்தைப் பார்த்தாள். பிறகு சுவரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தாள். சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்தாள். அதற்கும் மேலே, மொட்டைமாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். அவள் தலை நகர்ந்த தூரத்தை ஸ்டெபின் பார்த்துக்கொண்டே இருந்தான். அவ்வளவு தூரம் பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

"அவனும் டைனமோவை மாத்திட்டே இருந்தான்," என்றாள் அம்மா.

"யாரு?"

"உங்க மாமா. சைக்கிள் டைனமோ சரியா சுத்தல, சரியா சுத்தலன்னு மாத்திக்கிட்டே இருந்தான். கடைக்காரனோட சண்டை. ஒருநாள் கால்வாய்க்குள்ள கிடந்தான், தூக்கிட்டு வந்தாங்க." காப்பியை ஸ்டூலில் வைத்தாள். "படிக்கட்டுக்கு பல்பு எதுக்கு மாத்தினேன்னு நெனச்ச? பேப்பர் திருத்தவா?"

"அம்மா, இது கோணம்..."

"கிறிஸ்துமஸ்லேருந்து பாக்குறேன்டா. கேரல் ரவுண்ட்ஸ்ல அந்த இருட்டுச் சந்துல நீ கூடப் பாட வந்த சுஜி கையைப் புடிச்சுட்டே நடந்த. சர்ச்ல எல்லாரும் உனக்கும் அவளுக்கும் ஏதோ இருக்குன்னு பேசிக்கிட்டாங்க. அப்படியே இருக்கட்டும் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணேன். தினமும். அதுவாவே இருக்கட்டும், வேற எதுவும் வேணாம்னு." அவள் குரல் உடைந்தது. "அக்கா பையனுக்கும் வரலாம், பாத்துக்கோங்கன்னு மாமாவோட டாக்டர் அப்பவே சொன்னாரு. என் வழியாத்தான் வரும்னாரு. கூட்டிட்டுப் போனா ஆமான்னு சொல்லிடுவாங்களோன்னு நான் கூட்டிட்டுப் போகல."

ஸ்டெபின் கோபப்பட நினைத்தான். வரவில்லை. அவளும் இரண்டு மாதமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாள், இன்னும் பெரிய பல்பு, இன்னும் பெரிய பல்பு என்று.

காலேப் மாமா சுவரைத் தடவியபடி வந்து நின்றார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. "எனக்கு மூணு டைனமோ. உனக்கு எத்தனை லைட்டு மாப்ள?"

"நாலு மாமா."

"பாத்தியா, நம்ம குடும்பம் முன்னேறிட்டுதான் இருக்கு." யாரும் சிரிக்கவில்லை. அவர் கையை நீட்டினார். "எங்க அது?"

ஸ்டெபின் அவர் கையைப் பிடித்து விளக்குக்கு எதிரே கொண்டுவந்தான். மாமா உள்ளங்கையை அதன் முன்னால் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். சுவர் இருண்டது.

"நல்ல சூடு," என்றார். "நல்ல லைட்டுதான்டா இது."

அதைக் கேட்டதும் ஸ்டெபின் அழுதான். குவாரியில் முள்ளெடுக்கும்போதுகூட வராத அழுகை. அம்மா அவன் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். மாமா விளக்கின் பித்தானைத் தேடினார், கிடைக்கவில்லை. விட்டுவிட்டார்.

மாடிக்குப் போய் அவன் நிஷா அக்காவுக்குச் செய்தி எழுதினான். காய்ச்சல் என்று எழுதி அழித்தான். சைக்கிள் ரிப்பேர் என்று எழுதி அழித்தான். மெதுவாகப் போனால் ஒருவேளை முடியும், ஏழு பேரையும் நடக்கிற வேகத்தில் கூட்டிப்போனால் முடியும் என்று ஒரு நிமிடம் நிஜமாகவே நம்பினான். பிரேமின் செருப்பு ஞாபகம் வந்தது. செருப்பு இருந்த இடத்தில் ஒரு கை இருந்திருந்தால்?

போன் செய்தான்.

"சொல்லு ஸ்டெபின், ரெடியா? உனக்குன்னு விசில்கூட வாங்கி வெச்சிருக்கேன்."

"அக்கா, நாளைக்கு நான் முன்னாடி போக முடியாது."

"ஏய், என்னப்பா, கடைசி நேரத்துல? இன்னும் லைட் செட் ஆகலையா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவளே அந்தப் பொய்யை எடுத்துக் கையில் கொடுக்கிறாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பாள். ஐந்தாவது விளக்குக்கு ஒரு வாரம் கிடைக்கும்.

"லைட் நல்லாத்தான்க்கா இருக்கு," என்றான். "எனக்குத்தான் தெரியல. இருட்டுல கண்ணு தெரியல."

"எப்போலேருந்து?" என்றாள்.

"மழைக்காலத்துலேருந்து. பிரேமை முன்னாடி விடுங்க. அவனுக்கு எல்லாம் தெரியுது. ஷூ மட்டும் போடச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு டைரியைத் திறந்தான்.

பிப்ரவரி 14, 2025. வெள்ளி.

இன்றைய தவறு: விளக்கு எதுவரை விழுகிறது என்று கோடு போட்டேன். நான் பார்த்தது எதுவரை என்பதுதான் அந்தக் கோடு.

சோதனை செல்லும்.

நாளைய வேலை: காலையில் அம்மாவோடு கண் மருத்துவமனை. மாமாவின் பழைய மருத்துவச் சீட்டுகளை அம்மா எடுத்துவைத்திருக்கிறாள், மறக்காமல் கொண்டுபோக வேண்டும். கண்ணில் மருந்து விடுவார்கள் என்பதால் சைக்கிள் வேண்டாம், பஸ்ஸில் போக வேண்டும். வரும் வழியில் தோத்தாத்ரி சார் கடையில் விளக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிரேமுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, எட்டாம் நம்பர்.